மூட்டையை இறக்கி வைத்தவர்

அவர் சுவருக்கு வண்ணம் பூசுகிறவர். ஆள் நெட்டை என்பதால் தெருவில் எல்லோருக்கும் 'ஏணி'. மற்றவர்கள் ஸ்டூல் போட்டு எட்டுகிற இடத்தை நின்ற வாக்கிலேயே எட்டிவிடுவார். வாய் மட்டும் அந்த உயரத்துக்கு வளரவில்லை. பூசி முடித்த அறையை, நிறம் பிடிக்கவில்லை என்று மறுபடி கூலியில்லாமல் பூசச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு பிரஷைக் கழுவப் போய்விடுவார். "வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?" என்று கேட்டுக் கேட்டு மனைவிக்கே அலுத்துப்போயிற்று.

அப்படிப்பட்டவரைத்தான் சினிமாக்காரர்கள் கலகக்காரனாக்கினார்கள்.

ஊருக்கு வெளியே பாழடைந்து கிடந்த கிடங்கில் படம் எடுக்க வந்திருந்தார்கள். பழைய காலத்துப் பஞ்சக் கதை. ஜனம் பட்டினி கிடக்க, அவர்கள் விளைவித்த தானியத்தை அவர்கள் முதுகிலேயே ஏற்றிக் கப்பலுக்கு அனுப்புகிறான் ஓர் அதிகாரி. ஒருநாள் சுமைகாரன் ஒருவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "இனிமே தூக்க மாட்டோம்" என்கிறான். அங்கிருந்து கலகம் கிளம்புகிறது.

கிடங்குச் சுவரில் புகைக்கறை போலப் பூசிக்கொண்டிருந்த ஏணியை இயக்குநர் பார்த்தார். ஒட்டிய கன்னம், குழி விழுந்த கண். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பிரஷைக் கீழே வைக்கச் சொன்னார். அந்தச் சுமைகாரன் கிடைத்துவிட்டான்.

அதுவரை எல்லோரும் அவர் பூசிய சுவரைப் பார்த்திருக்கிறார்கள், அவரைப் பார்த்ததில்லை. இப்போது ஒரு பெரிய மனிதர் அவருடைய கன்னத்தைத் திருப்பி, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தால் நன்றாக இருக்கும் என்று யோசித்தார். ஏணிக்கு அந்த ருசி பிடித்துப்போயிற்று.

கூட்டத்தில் நடிக்க அவர் தெருக்காரர்களே போனார்கள். தச்சர் போனார். பக்கத்துத் தெருவிலிருந்து மனைவியின் தங்கையும் போனாள். அவள் புருஷனை இழந்தவள், லாட்ஜுகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுத்துப் பிழைப்பவள். "எங்க மாமாதான் ஹீரோ, நாங்கள்லாம் சும்மா பின்னாடி நிக்கிற ஆளுங்க" என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இயக்குநருக்கு அவசரம் என்ற வார்த்தையே தெரியாது. சுமைகாரர்கள் சரிவில் ஏறி வருகிற ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார். வைக்கோல் திணித்த மூட்டை என்றால் முதுகு பொய் சொல்லிவிடும் என்று நிஜத் தானியத்தையே நிரப்பச் சொன்னார். காலில் செருப்பு கூடாது. வெயிலில் தரை கொதித்தது. தண்ணீர் கேட்டால், நின்ற இடத்தைவிட்டு நகராதே, வரிசை கலைந்துவிடும் என்றார் படக் கம்பெனி மேனேஜர்.

ஒருநாள் மத்தியானம் மனைவியின் தங்கை சரிவில் கால் இடறி விழுந்தாள். மூட்டை அவள் மணிக்கட்டின் மேலேயே விழுந்தது. கை கோணிக்கொண்டு நின்றது. பார்த்து நடக்கத் தெரியாதா என்று மேனேஜர் சலித்துக்கொண்டார். யாரையும் கட்டாயப்படுத்திக் கூட்டிவரவில்லையே என்றும் சொன்னார். அவளை ஓர் ஆட்டோவில் ஏற்றித் தனியாக அனுப்பிவிட்டார்.

தெருக்காரர்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். அவளுடைய வைத்தியச் செலவை நீங்கள் பார்க்க வேண்டும், மூட்டையின் கனத்தைக் குறைக்க வேண்டும் என்று தச்சர் கேட்டார். மேனேஜர் பக்கத்து ஊருக்கு மாற்று ஆள் கேட்டு போன் போடப் போனார். தச்சர் எழுந்து ஏணியிடம் வந்தார்.

"எங்களுக்குப் பதிலா யாரை வேணா கொண்டாந்துடுவாங்கப்பா. உன் மூஞ்சியைத்தான் பாதிப் படம் எடுத்து வச்சிருக்காங்க. அதுக்கு வேற மூஞ்சி கிடையாது. நீ ஒருத்தன் உக்காந்தா போதும்."

உண்மைதான். ஏணிக்கும் அது புரிந்தது. அந்த நேரம் பார்த்து இயக்குநர், வெளிச்சம் இறங்குகிறது என்று மெல்லிய குரலில் கூப்பிட்டார். மூட்டையை இறக்கி வைக்கிற காட்சி அன்றைக்குத்தான்.

"இது ஒண்ணு மட்டும் முடியட்டுமே" என்றார் ஏணி. தச்சரின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

புது ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். உட்கார்ந்திருந்தவர்களைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தினார்கள். கேமரா ஓடியது. ஏணி மூட்டையை இறக்கினார். எதிரே கயிற்றுக்கு அப்பால் அவர் தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "இனிமே தூக்க மாட்டோம்" என்று சொல்லும்போது கண் நிறைந்தது. இயக்குநர் ஓடிவந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். இந்த வலியை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்கு மனைவி மட்டும் போய்வந்தாள். திரும்பி வந்து சாப்பாடு எடுத்து வைத்தாள். பிறகு, "'மாமாவுக்கு அந்தக் காட்சி நல்லா வந்துச்சாக்கா?'ன்னு கேக்குறா" என்றாள்.

தட்டில் கை வைத்தவர் வைத்தபடியே இருந்தார். நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தார். மறுநாள் போனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாள் தள்ளத் தள்ளக் கால் இன்னும் கனத்தது. கொஞ்ச நாளில் அவள் வீட்டுத் தெருவையே விட்டுவிட்டு, வேலைக்குச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தார்.

மறுவருஷம் படம் வந்தது. படம் நகரவே இல்லை, நாங்கள்தான் நகர்ந்து வெளியே வந்தோம் என்று ஊரில் கேலி பேசினார்கள். ஆனால் மூட்டையை இறக்குகிற இடத்தில் மட்டும் கொட்டகை கப்சிப்பென்று ஆகிவிட்டதாம். பத்திரிகையில் ஏணியின் முகம் வந்தது. நகர மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்து, பூச்சு வேலையிலிருந்து நேராக வந்தவரின் பெயிண்ட் கையில் பூங்கொத்தைத் திணித்து, அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள்.

முன்வரிசையில் தச்சர் இருந்தார். குரலை உயர்த்தாமலே, "சொல்லு ஏணி. நாங்களும் கேக்குறோம்" என்றார்.

ஏணி மைக்கை வாங்கினார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பூங்கொத்தை நாற்காலியில் வைத்துவிட்டு மேடையைவிட்டு இறங்கினார். என்ன அடக்கம் பாருங்கள் என்று கூட்டம் கை தட்டியது. அதுதான் அவருக்குச் செருப்படியாக இருந்தது.

அங்கிருந்து நேராகக் கொழுந்தியாள் வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில், விரிப்பின் ஒரு முனையைக் குழாயில் கட்டி, மறுமுனையை இடது கையால் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு கோணலாகவே கூடியிருந்தது.

மன்னிச்சிரும்மா என்று எப்படியோ சொல்லிவிட்டார். அவள் பிழிவதை நிறுத்தவில்லை.

"நீங்க அன்னிக்கு உக்காராததை நான் எப்பவோ விட்டுட்டேன் மாமா. ஆசை யாருக்குத்தான் இல்ல? நானும் ஆசைப்பட்டுத்தானே வந்தேன். ஆனா இத்தனை நாளா எட்டிக்கூடப் பாக்கலையே. அடிபட்டது நான். ஒளிஞ்சுக்கிட்டது நீங்க."

அவருக்குத் தலை தானாகக் குனிந்தது. குழாயில் கட்டியிருந்த முனையை அவிழ்க்கப் போனார்.

"கையில பெயிண்ட்டு. கழுவிட்டு வாங்க" என்றாள்.

கழுவிவிட்டு வந்து பிடித்தார். வாளி காலியாகும்வரை இருவரும் ஆளுக்கொரு முனையாக முறுக்கிப் பிழிந்தார்கள்.

இப்போது வேலை இல்லாத நாளெல்லாம் ஏணி அங்கேதான். கொழுந்தியாள் பழையபடி பேசுகிறாள். கேலி மட்டும் செய்வதில்லை. டிவியில் அந்தப் படம் போட்டால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். தச்சர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அதில் தப்பில்லை என்றுதான் ஏணிக்கும் படுகிறது.