நூலில் கட்டிய நாடாச் செடி

ஏரி ஆய்வகத்தில் அவளைப் 'பாட்டில் அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். மூன்று வருடங்களாக மாதிரிப் பாட்டில்களைக் கழுவுகிறாள். அதற்கு முன் பதினெட்டு வருடம் படகில் நின்று சீப்பு எறிந்தவள்.

சீப்பு என்றால், தோட்டத்தில் சருகு வாரும் இரும்புச் சீப்பு இரண்டை முதுகோடு முதுகாகப் பற்றவைத்துக் கயிறு கட்டியது. ஏரியில் நாற்பது இடங்கள். ஒவ்வொன்றிலும் எறிந்து, அடித்தரையோடு இழுத்து, பல்லில் சிக்கி வரும் செடி எதுவென்று எறிந்தவரே உரக்கச் சொல்ல வேண்டும். அதுவரை படகில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. சொன்னதைத்தான் எழுத வேண்டும். நாடா போல நீண்ட இலையோடு நாடாச் செடி வந்தால் வெளிச்சம் அடிவரை போகிறது, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வெறும் சேறு வந்தால் ஏரிக்கு மூச்சு முட்டுகிறது.

பதினேழாம் இடம், சாயப்பட்டறை வாய்க்கால் வந்து விழும் மூலை. அங்கே அவள் "ஒண்ணுமில்ல" என்று சொன்னாள். அறிக்கையில் ஆய்வக இயக்குநர் "நாடாச் செடி, ஏராளம்" என்று மாற்றினார். அவள் போய்க் கேட்டபோது, பத்துப் பேர் முன்னால், "இந்தம்மாவுக்குக் கண்ணு போச்சுப்பா. நாடாவுக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரியல" என்றார். எல்லாரும் சிரித்தோம். மறுநாளே பாட்டில் அறை.

அவள் அழவில்லை. வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி ஜாடி வைத்தாள். பதினேழாம் இடத்துத் தண்ணீர். அதற்குள் தெளிந்த கரையிலிருந்து பிடுங்கி வந்த ஒரு நாடாச் செடி. ஒன்பதாம் நாள் செடி குழைந்துபோனது. மறுபடி வைத்தாள். மறுபடியும் ஒன்பது.

"டம்ளர் வைக்க இடமில்ல. இது வீடா, ஏரியா?" என்றார் கணவர். "யாருக்குக் குழி தோண்டற?"

"தோண்டல. எவ்வளவு ஆழம்னு பாத்துட்டிருக்கேன்."

ஏரியில் சீப்பு எறிந்து சரிபார்க்க வெளியிலிருந்து தணிக்கைக் குழு வருவதாகக் கடிதம் வந்த அன்று, இயக்குநர் முதல்முறையாகப் பாட்டில் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"அம்மா, பழசை மனசுல வச்சுக்காதீங்க. பதினேழுல கொஞ்சம் செடி நடணும். முந்தின நாள் நட்டா போதும்ல?"

"செடி மிதக்காம இருக்க நூல்ல கல்லு கட்டித்தான் நடணும். முந்தின நாள் நட்டா, சீப்பு பட்டதும் கல்லும் நூலுமா கையோட வந்துடும் சார். பத்து நாள் முன்னாடியே நட்டா வேர் பிடிச்சுக்கும்."

"அதான் அனுபவம்கிறது!"

"எங்க நட்டேன்னு எனக்குத்தான் தெரியும். எறியவும் நானே வரேன்."

"தாராளமா வாங்க."

தெளிந்த கரையிலிருந்து இருநூறு செடி பிடுங்கினாள். ஒவ்வொன்றின் அடியிலும் நீல நைலான் நூலால் ஒரு கூழாங்கல்லைக் கட்டினாள். பிடுங்கிய இடம் மட்டும் வழித்த தலை மாதிரி கிடந்தது. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தத் தண்ணியில செத்துடுமேக்கா" என்றார் படகுக்காரர்.

"துடுப்பப் போடுங்க."

பத்தாம் நாள் காலை, குழுவின் தலைவி நோட்டும் கையுமாகப் படகில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இயக்குநர், இஸ்திரி கலையாத சட்டையில். அவள் எறிந்தாள், இழுத்தாள். கரிய சேறு வந்தது. அதில் பழுப்பாக, வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. நீல நூல்களில் கற்கள் தொங்கி ஆடின.

"அது வந்து..." என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

"எறிஞ்சவங்கதானே சொல்லணும்?" என்றார் தலைவி.

அவள் சீப்பை இயக்குநரின் மூக்குக்கு நேராகத் தூக்கினாள். சட்டையில் சேறு சொட்டியது.

"நாடா இல்லைங்க. நூல் இருக்கு. நூலுக்கு ஒரு கல்லு. நான்தான் கட்டி நட்டேன், இந்த சார் சொல்லி. நேத்தே செத்திருக்கும்."

ஒரு எறி போதும். அவள் இன்னும் ஆறு முறை எறிந்தாள். ஒவ்வொரு முறையும் அதையே, அதே குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

இயக்குநரின் பதவி போய்விட்டது, அவர் காலத்து அறிக்கைகளைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். செடி நட்டதற்கு விளக்கம் கேட்டு அவளுக்கும் மெமோ வந்தது. ஓய்வுக்கு ஐந்து வாரம்தான் பாக்கி.

"உங்க வேலைக்கும் சேத்து வேட்டு வச்சுக்கிட்டீங்களேக்கா" என்றார் படகுக்காரர்.

"ஒரே வேட்டுல ரெண்டுன்னா மலிவுதானே" என்றபடி அவள் பாட்டில்களைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மெமோவுக்குக் கீழே விளக்கம் எழுதினாள்:

'நட்டது உண்மை. இருநூறு முடிச்சையும் நானே போட்டேன், கண்ணாடி போடாமல்.'