வீரராகவன் காட்டாத காட்சி

பக்கத்து வீட்டு போனுக்குத்தான் செய்தி வந்தது. அப்போது கே.கே. நகரில் எங்கள் தெருவுக்கே அந்த ஒரு போன்தான். அடுப்பில் பாலை வைத்திருந்தவன் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பேசியது வீரராகவனின் மகன். "மாமா, அப்பா காலம்பற போயிட்டார். மத்தியானத்துக்குள்ளே எடுத்துடுவோம். வந்து முகத்தைப் பாத்துட்டுப் போங்கோ" என்றான். சரி என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பி வந்தபோது பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

கணித ஆசிரியர் வீரராகவனிடம் படித்தவர்களும், சனிக்கிழமைதோறும் மேலப்புதூரில் எங்களோடு படம் பார்த்தவர்களும் இந்த நினைவு மலரில் இதை வாசிப்பீர்கள். "அமலதாஸ் சார், உங்களை விட்டா அவரைப் பத்தி எழுத வேற யாரு இருக்காங்க?" என்று எங்கள் திரைப்படக் கழகச் செயலாளர் கேட்டார். இருக்கிறார்கள். என்னைவிடத் தலைநிமிர்ந்து எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

எழுபதுகளில் நாங்கள் சிலர் சேர்ந்து அந்தத் திரைப்படக் கழகத்தைத் தொடங்கினோம். மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தைப் பங்குத்தந்தை வாடகையில்லாமல் கொடுத்தார். மெட்ராஸிலிருந்த வெளிநாட்டுக் கலாசார நிலையங்களிலிருந்து படங்கள் தகரப் பெட்டிகளில் ரயிலேறி வரும். பெரும்பாலும் சரித்திரப் படங்கள். பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியனின் யுத்தங்கள், ரஷ்யப் பனியில் விழுந்து சாகிற குதிரைகள். அவர் கணிதம் நடத்திய கல்லூரியிலேயே நான் சரித்திர ஆசிரியன். படம் தொடங்குமுன் மைக்கைப் பிடித்தால் விடமாட்டேன். மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'புரட்சி சார்'. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. புரொஜக்டர் ஓட்டத் தெரிந்தவர் வீரராகவன் ஒருவர்தான். சரித்திரம் அவருக்குச் சுத்தமாக வராது. பிரஷ்யாவையும் ரஷ்யாவையும் கடைசிவரை குழப்பிக்கொண்டிருந்தார். உங்களுக்குத் தெரிந்த ஒரே ராஜா ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கிற ரங்கராஜாதான் என்று கேலி செய்வேன். "அவர் ஒருத்தர் போதும் ஓய்" என்பார்.

பங்குத்தந்தை எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முத்தக் காட்சி வந்தால் மறைத்துவிட வேண்டும். அதற்கென்று தினக்காலண்டரின் பின்அட்டை ஒன்று புரொஜக்டர் மேசையில் இருக்கும். அதை லென்ஸுக்கு முன்னால் நீட்டினால் திரை இருண்டுவிடும், சத்தம் மட்டும் கேட்கும். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்ட ஓர் ஐயங்கார், கத்தோலிக்கர்களின் ஒழுக்கத்தைக் காப்பதற்காக அட்டை பிடித்துக்கொண்டு நிற்பதை நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். உண்மையில் பங்குச் சாமியார் முதல் வரிசையில் தூங்கிவிட்டால் வீரராகவன் அட்டையைத் தொடமாட்டார். கேட்டால், "அவா ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கா. பாத்தா யாருக்கு என்ன போச்சு?" என்பார்.

ஒரு சனிக்கிழமை, ராஜாவின் தலையை வெட்டுகிற படம் வந்தது. அன்றைக்கு நான் பேசிய பேச்சு உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ரொட்டி கிடைக்காத ஜனங்கள், உப்புக்குக்கூட வரி, இடிந்து விழுந்த சிறைக்கோட்டை என்று மண்டபத்தையே சூடேற்றி வைத்திருந்தேன். கடைசியில் ராஜா மேடை ஏறினான். சட்டைக் காலரைக் கத்தரித்து எடுத்தார்கள். முரசு அதிர்ந்தது. கத்தி மேலே ஏறி நின்றது. திரை இருண்டது.

ஃபிலிம் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். ஆனால் முரசுச் சத்தம் நிற்கவில்லை. விசில் பறந்தது. "யோவ் அய்யரே, அட்டையை எடுய்யா!" என்று யாரோ கத்தினார்கள். நான் எழுந்து ஓடிப்போய் அவர் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கினேன். வெளிச்சம் மறுபடி திரையில் விழுந்தபோது ஒருவன் அந்தத் தலையை முடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். மண்டபம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் எனக்கும் பங்கு இருந்தது. அட்டையோடு கையை உயர்த்தி அதை வாங்கிக்கொண்டேன். திரும்பினால் வீரராகவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். எங்களுக்கு மறைத்த காட்சியை அவரும் பார்க்கவில்லை. "பாக்கறதுக்கு ஒண்ணுமில்லை ஓய்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

திங்கட்கிழமை கேன்டீனில் அவரை விட்டேனா? "ஒரு தேசமே பட்டினி கெடந்துச்சு. உங்களுக்கு ராஜா கழுத்துதான் பெருசாப் போச்சா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "ராஜாவை விடும். கொன்னது சரியா தப்பா, அதெல்லாம் உம்ம சப்ஜெக்ட். ஒருத்தன் அவமானப்பட்டு நிக்கறச்சே கூட்டம் கூடிப் பாக்கறதே, அது பாக்கறவாளுக்கு நல்லதில்லை" என்றார். அப்படியானால் சினிமா எதற்கு என்றேன். "குதிரையெல்லாம் என்னமா ஓடறது, அதைப் பாரும்" என்றார். அன்று ஆசிரியர் அறையில் அவருக்கு 'மன்னரின் கடைசி மெய்க்காப்பாளர்' என்று பெயர் சூட்டினேன். பெயர் ஒட்டிக்கொண்டது. மாணவர்கள்கூட அவர் முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொன்னார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

இனி எழுதப்போவதை எழுதாமலே முடித்துவிடலாமா என்று இரண்டு முறை பேனாவை மூடினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் குடித்துக்கொண்டிருந்தேன். காரணம் இருந்தது. இங்கே எழுதினால் அது சாக்காகிவிடும். ஒரு நாள் கல்லூரி விட்ட நேரம், மன்னார்புரம் பஸ் ஸ்டாப்பில் கால் தடுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. சட்டையெல்லாம் வாந்தி. பஸ்ஸுக்கு நின்றிருந்த பையன்கள் கூடிவிட்டார்கள். உடம்புதான் சொன்னபடி கேட்கவில்லை, காது நன்றாகக் கேட்டது. "டேய், புரட்சி விழுந்து கெடக்குதுடா, வாங்கடா!" என்று ஒருவன் டீக்கடைப் பக்கம் பார்த்துக் கூவினான். ஓடி வருகிற செருப்புச் சத்தம். என் வகுப்பில் முன்பெஞ்சில் உட்கார்கிற ஒருவனின் சிரிப்பு எனக்குத் தனியாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று பட்டது. அதற்கும் தெம்பில்லை.

அப்போது என் முகத்தின்மேல் நிழல் விழுந்தது. மழையானாலும் வெயிலானாலும் வீரராகவன் அந்தக் கறுப்புக் குடை இல்லாமல் காவிரிப் பாலத்தைத் தாண்டமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அதை விரித்து, என் தலைக்குமேல் பிடிக்காமல், எனக்கும் கூட்டத்துக்கும் நடுவே தரையோடு சாய்த்துப் பிடித்திருந்தார். வெள்ளை வேட்டியோடு அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார், இது நம்ம..." என்று ஒருவன் ஆரம்பித்தான்.

"எனக்கு வேண்டியவர். பாக்கறதுக்கு ஒண்ணுமில்லை. பஸ் வரது, போய் ஏறுங்கோ."

யாரும் உடனே போகவில்லை. அவரும் குடையை எடுக்கவில்லை. கூட்டம் கலைய வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. முகத்தைச் சாலைப்பக்கம் வைத்துக்கொண்டு, போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றைக் கூப்பிட்டு, குடையை முன்னால் விரித்துப் பிடித்தபடியே என்னை வீடு கொண்டுவந்து சேர்த்தார். அன்று அங்கே நின்றவர்களில் சிலரும் இதை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கைதட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

மறுநாள் ஆசிரியர் அறையில், தேர்வு மேற்பார்வைக்கு யார் யார் என்ற பேச்சைத்தான் எடுத்தார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் வேறு பேச்சுக்குத் தாவினார். அன்றோடு குடியை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. பட்டுத்தான் விட்டேன், அதற்கு மேலும் ஒரு வருஷம் ஆயிற்று.

அதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது. பிறகொரு சனிக்கிழமை ராணியின் படம் வந்தது. முடியை வெட்டி, கைகளைப் பின்னால் கட்டி, திறந்த வண்டியில் அவளை ஊர் நடுவே கொண்டுபோனார்கள். வீரராகவன் அட்டையை நீட்டினார். பழையபடியே விசில், பழையபடியே கூச்சல். "மெய்க்காப்பாளர் ஒழிக!" என்று ஒரு குரல். நான் வைத்த பெயர். இந்த முறை நான் எழுந்து அட்டையைப் பிடுங்கவில்லை. 'அவர் செய்வது சரி, சும்மா இருங்கள்' என்று சொல்லவும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று யாராவது கேட்டால் மன்னார்புரத்தைச் சொல்ல வேண்டிவருமே என்ற பயம். காட்சி முடிகிறவரை அவர் தனியாக நின்றார்.

செய்தி வந்த அன்று ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் நல்ல கூட்டம். கடைசியாக வந்த பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். பார்த்துவிட்டு வந்தவர்கள் வராதவர்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அய்யோ, அடையாளமே தெரியலைங்க." தெருவோடு போனவர்கள் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். மகன் கூட்டத்தை விலக்கி என் கையைப் பிடித்து அழைத்துப்போனான். "வாங்கோ மாமா, முகத்தைப் பாத்துக்கோங்கோ."

கால்மாட்டில் போய் நின்றேன். பாதங்களைத் தொட்டேன். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"பாக்கலியா மாமா?" என்றான் பையன். இல்லை என்று தலையசைத்தேன். அவன் என்ன நினைத்தானோ தெரியாது. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இவ்வளவுதானா என்று நினைத்திருக்கலாம். விளக்கிச் சொல்ல அது இடமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், அவனும் வாசிக்கட்டும்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு பக்கத்து முகம் மட்டும்தான். மன்னார்புரத்தில் குடைக்கு இந்தப் பக்கம், புழுதியில் கிடந்தபடி நான் பார்த்தது. வியர்வையில் கரைந்த ஸ்ரீசூர்ணம், நரைத்த காதோரம், என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று சாலைப்பக்கம் திருப்பியே வைத்திருந்த கழுத்து.