பழைய மருந்துக்காக ஒரு மொட்டை

ஒரு மருந்து தோற்றுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மொட்டை போட்ட ஆள் இந்த மலேசியாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு எட்டு வயது. கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். துறைமுகத்தில் ஒரு லோரிக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே கொஞ்சுவதற்கும் திட்டுவதற்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதற்கும் அவளுக்கு நான் ஒருத்திதான். அந்த வருஷம் அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வீட்டில் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொண்டாட்டம். அத்தை கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பள்ளி விடுமுறையாக இருந்தால் துணைக்கு நானும் கொமூட்டர் ரயிலில் போகலாம். திரும்பும்போது பிரிக்பீல்ட்சில் சுடச்சுட வடை. சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்படிப் போன ஒரு நாளில்தான் நர்ஸ் அக்கா ஒருவர் எங்களைச் சின்ன அறையில் உட்காரவைத்து ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். ஆராய்ச்சியில் சேருகிற எல்லாருக்கும் வழக்கமான மருந்து உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் அதோடு புது மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். யாருக்கு எது என்பதை டாக்டர்கூட முடிவு செய்யமுடியாது, கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும். வருஷக்கணக்காகக் கவனித்து, எந்தப் பக்கத்தில் ஆட்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். “பெரும்பாலும் வெள்ளக்காரங்களுக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தான் மருந்து இங்க வருது. நம்ம ஆளுங்க ஒடம்புல எப்படி வேலை செய்யுதுன்னும் பாக்கணும் லா” என்றார்.

வீட்டில் அப்பா குதித்தார். “நாம என்ன எலியா, அவனுங்க சோதிச்சுப் பாக்கறதுக்கு?” அத்தை மறுமுறை போனபோது கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

எனக்கோ எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டியிலும் இதுதானே நடக்கிறது. சீட்டுக் குலுக்கி ஒருத்தியைச் சிவப்பு இல்லத்தில் போடுவார்கள், இன்னொருத்தியை நீல இல்லத்தில். எந்த இல்லத்தில் விழுந்தோமோ அதற்காகத் தொண்டை கிழியக் கத்தவேண்டும்.

கம்ப்யூட்டர் அத்தையைப் பழைய மருந்துப் பக்கம் போட்டது. அன்றிலிருந்து நான் பழைய மருந்துக் கட்சி. ஊசி மருந்து ஏற்றும் நாட்களில் அத்தையின் நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டு, அங்கே இருப்பவர்களில் யார் எதிரணி என்று நோட்டம் விட்டேன். மஞ்சள் முக்காடு போட்ட மலாய் ஆன்டி ஒருவர் புது மருந்துக்காரர் என்று தெரிந்ததும், அவர் அன்பாக நீட்டிய கறிபாப் பலகாரத்தை வேண்டாம் என்றேன். அத்தை என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது.

தைப்பூசம் வந்தது. பத்துமலையில் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று நானாகவே சொன்னதும் வீடே உருகிப்போனது. அம்மா அழுதேவிட்டாள். அத்தைக்காகப் பிள்ளை முடி இறக்குகிறாள் என்று பக்கத்து வீட்டு ஆன்டிவரை செய்தி போனது. நான் முருகனிடம் கேட்டது என்னவோ தெளிவானது. அத்தை ஜெயிக்கவேண்டும், புது மருந்து மண்ணைக் கவ்வவேண்டும். தலையில் சந்தனத்தோடு வீட்டுக்குள் ஓடிவந்து, அத்தையை இழுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். மருந்தால் அவளுக்கும் தலையில் ஒரு முடி இல்லை. இரண்டு மொட்டைகளும் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு.

அத்தை தேறினாள். முடி வளர்ந்தது, வேலைக்குத் திரும்பினாள். நான் நான்காம் ஆண்டை முடிக்கும் சமயம், பரிசோதனைக்குப் போனவள் ஒரு மாலை பிரிக்பீல்ட்சிலிருந்து பெட்டி நிறைய லட்டோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஆராய்ச்சி முடிவைச் சொல்லிவிட்டார்கள் என்றாள்.

“யாரு ஜெயிச்சா அத்த?”

“புது மருந்துதான்டி. நல்லாவே ஜெயிச்சிருச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோற்றுப்போனவள் யாராவது இனிப்பு வாங்கி வருவாளா? அப்பாவும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார். “ஒனக்குக் கெடைக்காத மருந்துக்கு லட்டு வேறயா?”

அத்தை அவர் கையில் ஒரு லட்டை வைத்தாள். “எனக்கும் கெடைச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்ணே. ஆனா இது நம்ம குடும்பத்துல வர்ற சீக்குன்னு டாக்டர் மொத நாளே சொல்லிட்டாரு. நம்ம அம்மாவுக்கு வந்துச்சு, எனக்கு வந்துச்சு. அடுத்து இந்த வீட்டுல யாரு இருக்கா?”

அத்தை என்னைப் பார்த்தாள். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

லட்டைப் பிடித்த அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பாவம், அப்பாவும் இத்தனை நாளாகப் பழைய மருந்துக் கட்சியில்தான் இருந்திருக்கிறார், தோல்வியைத் தாங்கமுடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“பரவால்லப்பா, அடுத்த தடவ ஜெயிச்சிரலாம்” என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.