உலர்ந்தபின் கறுத்த வானம்

“மார்கழி, முதல் ஞாயிறு, காலை. மாமல்லபுரம் கடற்கரைப் பாறை. வானம் ஏறக்குறைய வெள்ளை. ஒரு துளி நீலம் மட்டும்.”

என் முதல் குவாஷ் படத்தின் ஓரத்தில், வண்ணம் ஈரமாக இருந்தபோதே பென்சிலால் எழுதிய குறிப்பு இது. எதைச் செய்தாலும் நாளும் இடமும் எழுதி வைப்பது என் பழக்கம். குவாஷ் தண்ணீரில் கரையும் வண்ணம்தான். ஆனால் தயிர்ப் பதத்தில் பூசினால் கீழே உள்ளதை மறைத்துவிடும். பிழைகளை மூடலாம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

மாலையில் செங்கல்பட்டு வீட்டில் படத்தை எடுத்துப் பார்த்தபோது, வானம் மழைக்கு முந்திய சாம்பல் நீலத்தில் இருந்தது. குறிப்பு ஒன்று சொன்னது, படம் வேறொன்று சொன்னது.

முதலில் கடையைத்தான் சந்தேகித்தேன். மறுநாள் வெள்ளை டியூபை எடுத்துப்போய்ப் பழைய சரக்கா என்று கேட்டேன். கடைக்காரர் பாய் அதைப் பிதுக்கி விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“டியூபு நல்லாத்தான் கீது சார். வூட்ல யாராவது கை வெச்சாங்களா பாருங்க.”

விளையாட்டாகச் சொன்னார். எனக்கு விளையாட்டாகப் படவில்லை. வீட்டில் இருப்பது நானும் மனைவியும்தான். பணி ஓய்வுக்குப் பிறகு சேர்ந்து செய்ய ஏதாவது வேண்டும் என்று இருவரும் ஒரே மேசையில், ஒரே வண்ணப் பெட்டியோடு தொடங்கியிருந்தோம். அவள் கை என் கையைவிடத் தேர்ந்தது. நான் நடைக்குப் போகும் நேரம் அவளுக்குத் தெரியும். இரண்டாவது படத்திலும் வானம் கறுத்தபோது கேட்டுவிட்டேன்.

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

“உங்க படத்துல நான் கை வெச்சா வானத்தையா தொடுவேன்? மொதல்ல அந்த இட்லியப் பாறையா ஆக்கியிருப்பேன்.”

நான் சிரிக்கவில்லை. ஓரக் குறிப்பைக் காட்டினேன். அவள் தூரிகையைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

“சந்தேகப்பட்டுகினு ஒரே மேசைல ஒக்கார முடியாதுங்க. நீங்களே வரைங்க.”

அதன்பின் அவள் மேசைப் பக்கம் வரவில்லை. பாதி வரைந்த அவள் படகு அப்படியே கிடந்தது. தனியாக உட்கார்ந்து வரைவதில் எனக்கு ஒரு சுவையும் இல்லை.

ஒரு நாள் நடைக்குப் போகாமல் அதே வெள்ளையையும் நீலத்தையும் கலந்து ஒரு பட்டை பூசி, பக்கத்திலேயே காவல் இருந்தேன். ஈரம் போகப் போக, என் கண்ணெதிரே அது கறுத்தது. மிச்சக் கலவையை அதனருகே பூசினேன். ஒரே கலவை, இரண்டு வானம். வெளிர் நிறங்கள் உலர்ந்தால் இப்படிக் கறுக்கும் என்று பிறகு புத்தகத்திலும் படித்தேன். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தப்பு என்னுடையது என்றேன்.

இரண்டாவது பட்டையும் உலரும்வரை நின்று பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, படகை எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவு என் முதல் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வானத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் பாறையின் அடிவிளிம்பு மென்மையாகக் கரைந்து நிழலாகியிருக்கிறது. நான் அங்கே கோடுதான் போட்டிருந்தேன். உலர்ந்த குவாஷ் ஈரத் தூரிகை பட்டால் இளகும். தண்ணீர் சிந்தினாலும் இளகும். அவளிடம் கேட்கவில்லை. அது யாருடைய வேலை, அல்லது வேலையே இல்லையா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.