துருசடி மடுவின் விரால்

எங்கள் குளத்தில் விரால் அருகிப்போனதற்கு ஊரில் பல காரணங்கள் சொல்வார்கள். மிளகாய்த் தோட்டக்காரர் மிஷின் வைத்து நீரை இறைத்தார்கள். மருந்தடித்த டாங்கியைக் குளத்திலேயே கழுவினார்கள். யாரோ கொண்டுவந்து விட்ட யப்பான் மீன் பெருகிவிட்டது. எல்லாம் உண்மைதான். அந்தப் பேச்சு எழும்போது நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவேன்.

இனக்கலவரத்தின் பின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வடக்கே ஸ்கந்தபுரத்துப் பக்கம் வந்து குடியேறியவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஓ.எல். பரீட்சையில் எல்லாப் பாடமும் சித்தி. சைவசமயத்தில் அதிவிசேட சித்தி. கால் நிலத்தில் படவில்லை. என்னைப் படிப்பித்த யாழ்ப்பாணத்து டீச்சரை ஒரு சனிக்கிழமை சாப்பிட வரும்படி நானே அழைத்தேன்.

அது கடுங்கோடை. குளம் வற்றி, நீர் திறந்துவிடும் துருசடியில் ஒரு மடு மட்டும் எஞ்சியிருந்தது. அந்த மடுவில் ஊரில் எவரும் மீன் பிடிப்பதில்லை. அதில் தப்பிக் கிடப்பவைதான் மாரியில் குளம் நிரம்பும்போது பெருகும். அந்த வருடம் அங்கே யப்பான் துள்ளியது. விரால் ஒரு சோடிதான் மூச்செடுக்க மேலே வந்து போனது.

சனிக்கிழமை காலை அப்பா அந்தச் சோடியைச் சாக்கில் கொண்டுவந்தார். தோளில், கவிழ்த்து மீன் பிடிக்கும் கரப்பு.

அறுத்த அம்மாவின் கை நின்றது. "ஏங்க, சினை மீனுங்க இது."

"அதுக்காக டீச்சருக்கு யப்பானையா வைக்கிறது? எம் மக பாஸ் பண்ணியிருக்கா. கொழம்பு வை." சொன்னாரே தவிர, அவர் சட்டியின் பக்கம் திரும்பவில்லை.

டீச்சர் சைக்கிளில் வந்தார். நெற்றியில் திருநீறு, தலைமுடியில் ஈரம். இரவல் கதிரையில் இருத்தி இலை போட்டோம். சோற்றின் நடுவே விரால் தலையை அம்மா வைத்தார். டீச்சர் இலையைப் பார்த்தார், பிறகு என்னை.

"பிள்ளை, இண்டைக்குப் புரட்டாசிச் சனியெல்லே? கோயில்ல எள்ளெண்ணெய் எரிச்சுப்போட்டு வாறன். மச்சம் தொடமாட்டன்."

புரட்டாசிச் சனி விரதம் பற்றிப் பரீட்சையில் நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன்.

அப்பா சிரிக்கப் பார்த்தார். "படிச்ச புள்ளைதாங்க நாள் பாத்துக் கூப்பிட்டுச்சு."

"அதுக்கென்ன, வேற இலையில சோறும் பருப்பும் தாங்கோ." டீச்சர் மனம் நிறையச் சாப்பிட்டதுபோல் காட்டிக்கொண்டார். அது இன்னும் சுட்டது.

பின்னேரம் அடுத்த காணிக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, மடுவுக்கை கரப்புக் குத்தினனீங்களாம்? படிச்ச பிள்ளை இருக்கிற வீடெல்லோ!"

குளத்தை வற்றடித்த மிஷின்களில் ஒன்று அவருடையது. அதைச் சொல்ல வாய் வரை வந்தது. முற்றத்தில் விரால் செதில்கள் காய்ந்துகொண்டிருந்தன. அப்பாவைப் போலவே நானும் தலை குனிந்துகொண்டேன்.

இரவு அந்தக் குழம்பை நாங்கள் மூவரும் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது.

அந்த மாரியில் குளம் நிரம்பி, மிஞ்சிய நீர் வழியும் வான் பாய்ந்தது. அல்லிக்கொடிகளுக்கிடையே விரால் குஞ்சுகள் சிவப்பாய்த் திரள் திரளாக மிதக்கும் மூலையை நான் தவறாமல் போய்ப் பார்த்தேன். யப்பான் குஞ்சுகள்தான் திரிந்தன.

வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அப்பா இன்றும் சொல்கிறார்: "புள்ளை பாஸானப்போ டீச்சருக்கு விரால் வச்சோம்." டீச்சர் சாப்பிட்டாரா என்று அவர்கள் கேட்டுவிடக் கூடாதே என்று நான் கதவருகில் நிற்பேன்.