மலை பஸ்ஸும் எலுமிச்சம்பழமும்

மகளுக்குக் கல்வராயன் மலையில் டீச்சர் வேலை கிடைத்தபோது சங்கராபுரம் பக்கத்துச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் நான்தான் மிட்டாய் கொடுத்தேன். ஆனால் அவளுடைய பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததே இல்லை. மலைப்பாதையின் முதல் வளைவிலேயே நெஞ்சு படபடத்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தி, நடந்தே அடிவாரம் வந்து சேர்ந்தவள் நான். ஊரில் எந்தச் சண்டைக்கும் பின்வாங்காதவளுக்கு இது பெரிய மானக்கேடு.

எங்கள் பக்கத்தில் மலை பஸ் ஏறி உடம்புக்கு எது வந்தாலும் அதன் பெயர் பித்தம். மருந்து எலுமிச்சம்பழம். என் கணவர் கள்ளக்குறிச்சிக்குப் போய் நல்ல பழமாகப் பொறுக்கி வாங்கி வந்தார். வெறும் வயிற்றோடு, பழத்தை மூக்கில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி ஏறினேன். மறுபடியும் வளைவு வந்ததும் இறங்கிவிட்டேன்.

“உனக்குப் பித்தம் ஜாஸ்தி, வுட்டுடு. பொண்ணுதான் வூட்டுக்கு வந்துகினு இருக்குதே,” என்றார் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளி ஆண்டு விழாவுக்கு மகள் கூப்பிட்டாள். அவள் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் ஆட்டத்தை இந்த முறையும் செல்போனில்தான் பார்ப்பதா என்று அழுகையே வந்துவிட்டது. அவளே என்னைக் கள்ளக்குறிச்சியில் ஒரு பெண் மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போனாள்.

அந்தப் பெண் முதலில் கேட்டது, “வாந்தி வருதாங்கம்மா?”

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் வந்ததில்லை.

“அப்ப இது பித்தம் இல்லீங்க, பயம். கண்ண மூடிக்கினா அது போவாது. தொறந்து வெச்சிக்கினு அங்கியே கொஞ்ச நேரம் இருங்க, தானா கம்மியாவும். பழமும் வேணாங்க. பழத்தாலதான் தப்பிச்சோம்னு மனசு நம்பிக்கும்.”

ஆலோசகர் கொடுத்த முதல் வேலை, மகள் எடுத்துத் தந்த மலைப்பாதை வீடியோவைப் பார்ப்பது. முதலில் வேர்த்தது, பார்த்துப் பார்த்துக் கடைசியில் கொட்டாவி வந்தது. அப்புறம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் மலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கிளம்பும் நேரத்தில் இறங்குவேன். “இன்னாம்மா, தெனமும் இதே வேலையா?” என்றார் கண்டக்டர். பிறகு மகள் ஸ்கூட்டரில் முதல் வளைவு வரை கூட்டிப்போனாள். பஸ்ஸில் அடிவாரம் வரை வந்த கணவர் அங்கே டீக்கடையிலேயே தங்கிவிட்டார். தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தபடி நின்றேன். நெஞ்சு அடித்தது, அடித்தது, பிறகு பால் பொங்கி அடங்குவது மாதிரி அடங்கிவிட்டது.

விழா அன்று மலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், பக்கத்தில் கணவர். முதல் வளைவில் உள்ளங்கை ஈரமானது. கண்ணை மூடவில்லை. நாலைந்து வளைவு தாண்டியதும் கீழே வயலெல்லாம் சின்னதாகத் தெரிந்தது. அதைக் காட்டலாம் என்று கணவர் பக்கம் திரும்பினேன். அவர் கண்ணை இறுக மூடி, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்திருந்தார்.

“இன்னாங்க, உங்களுக்குமா?”

“ரொம்ப நாளா. நீ வரமாட்டன்னு நானும் தப்பிச்சிக்கினு இருந்தேன்.”

வந்த கோபம் சிரிப்பாகிவிட்டது. பழத்தைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன். “கண்ணத் தொறங்க. நான் இருக்கேன்.”

ஒற்றைக் கண்ணைத் திறந்தார். கொஞ்ச தூரம் போனதும் மற்றதையும்.

பள்ளிக்கூட வாசலில் நாங்கள் இருவரும் கைகோத்து வந்து நின்றபோது மகள் மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பேச்சை மறந்து நின்றுவிட்டாள்.