ஞாயிற்றுக்கிழமைச் சர்க்கரை

செல்போனில் டார்ச் லைட் வந்த புதிதில் எனக்கு வேலை, தாயில்பட்டிப் பக்கம் வீடு வீடாகப் போய் விரலில் ஊசி குத்துவது. சர்க்கரை நோய்க்காரர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, சாப்பிட்டால் சர்க்கரை இறங்குகிறதா என்று ஓர் ஆய்வு. மற்ற நாட்களில் ஊரே பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விடும். அதனால் மாதம் ஒரு ஞாயிறு காலையில் போவேன்.

பட்டியலில் இருந்த ஓர் அக்கா, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வாசலில் உட்கார்ந்திருப்பாள். வெறும் வயிற்றில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சண்டைக்கு வருவாள்.

"என்ன தாயி இம்புட்டு நேரம்? கொடலு ஒட்டிப்போச்சு."

எந்தச் சோப்புக்கும் போகாத பட்டாசின் வெள்ளி மருந்து படிந்த விரலை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெடிக்குப் பயப்படாதவள் ஊசிக்குப் பயப்படுகிறாளே என்று சிரிப்பேன். அம்மா போன பிறகு எனக்காகப் பசியோடு காத்திருந்த ஒரே ஆள் அவள்தான்.

அவள் சர்க்கரை எப்போதும் சரியாகவே இருந்தது. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார் என்ற கட்டத்தில் டிக் அடிப்பேன். கூட்டத்தில் அவளைச் சொல்லிப் பெருமையும் அடித்திருக்கிறேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போயிற்று?

தீபாவளி சீசனில் ஞாயிறும் வேலை. மூன்று மாதம் அவளைப் பார்க்க முடியவில்லை. சீசன் முடிந்து போனபோது வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தாள். பிரித்துப் பார்த்தேன். குதிகால் கருத்துப்போயிருந்தது. அன்றைக்கே மதுரைக்குக் கூட்டிப் போனேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்தவளிடம் வெட்கமில்லாமல் கத்தினேன். "மாத்திரை போடுறேன்னுதானக்கா சொன்னீக!"

"போட்டேன் தாயி. நீ வர்றதுக்கு மொத நா, சனிக்கிழமை சாயந்தரம் போடுவேன். சோத்தையும் கொறைச்சுக்கிருவேன். வேலை நாள்ல போட்டா பத்து மணிக்கெல்லாம் கை நடுங்குது. விடியுமுன்ன வேன் வந்துருது, திங்க ஏது நேரம்? வெடிக்கு மருந்து அடைக்கிற கை நடுங்கலாமா? ரூமுக்குள்ள இன்னும் மூணு பேரு இருக்காகள்ல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சுகர் கூடுனா ஒங்க ஆபீஸ்ல ஒன்னய ஏசுவாகன்னு நெனைச்சேன். எங்க கம்பெனில உருப்படி கொறைஞ்சா போர்மேனத்தான ஏசுறாக."

வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டால் கை நடுங்கத்தான் செய்யும். விஷயம் தெரிந்திருந்தால் டாக்டர் வேறு மாத்திரை எழுதியிருப்பார். காலையில் அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாளா என்ற கேள்வி என் தாளில் இல்லை. எனக்குத் தானாகவும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த ஆடியில் அவள் போய்விட்டாள். ஆய்வு முடிந்து நான் வேறு ஊருக்குப் போயிருந்தேன். செய்தியே ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அக்காவைத்தான். மற்ற ஆறு நாளும் இருந்த அக்காவைப் பார்க்க இப்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தால் போதும். வேன் வருமுன்னே போய், எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்கிற அந்த ஒன்றைக் கேட்டுவிடுவேன்.

"சாப்பிட்டீகளா அக்கா?"